நாலு மாதமாக ஓட்டம் இல்லை, ஐந்து வாரத்தில் டூயத்லான். போகலாமா?

பட்டறைக்காரன் (ஆத்தங்குடி), டிசம்பர் 20

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டுத் தரைக்குப் போடுகிற பூப்போட்ட கல். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு வர்ணக் கலவையாக ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கும் மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும். ஒரு கல் ஆயிற்று. அப்புறம் அடுத்த கல். எட்டு, பத்து மணி நேரம் வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கிற பிழைப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால் என் கதையே குதிகால் கதைதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றினேன். குதிகாலுக்கு அடியில் ஆணி ஏறியது போல இருந்தது. பத்து அடி நடந்ததும் போய்விட்டது. போய்விட்டதே என்று அன்றைக்கு 8 கிலோமீட்டர் ஓடினேன். இப்படியே இரண்டு வாரம். ஒரு பெரிய வீட்டு ஆர்டர் வேறு, பகலெல்லாம் நின்றபடி வேலை. ஆகஸ்ட் 17 அன்று ஓட்டத்தின் நடுவில் நொண்ட ஆரம்பித்து, கண்மாய்க்கரையில் உட்கார்ந்து, தம்பியைப் பைக்கோடு வரச் சொன்னேன். காரைக்குடியில் பிசியோவிடம் காட்டினேன். குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்துக்கு அடியில் போகிற பட்டை நார் புண்ணாகியிருக்கிறது, பிளாண்டர் ஃபேசியைடிஸ் என்றார். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

சைக்கிளை மட்டும் விடவில்லை. வாரத்தில் மூன்று நாள், அதில் ஞாயிற்றுக்கிழமை கானாடுகாத்தான் வழியாகத் திருமயம் கோட்டை தெரியும் வரை போய்த் திரும்புவேன். சைக்கிளில் வலி இல்லை. டிசம்பர் 1 முதல் பிசியோ அனுமதியோடு ஓட்டம் மறுபடி: 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, எட்டுச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் முதல் அடியில் சில நாள் வலி இல்லை, சில நாள் பத்துக்கு இரண்டு.

இப்போது விஷயம். ஜூலையில், உடம்பு நன்றாக இருந்தபோது, ஈ.சி.ஆர். பக்கம் நடக்கிற ஒரு டூயத்லானுக்குப் பணம் கட்டிவிட்டேன். ஜனவரி கடைசி ஞாயிறு. 5 கி.மீ. ஓட்டம், 20 கி.மீ. சைக்கிள், மறுபடி 2.5 கி.மீ. ஓட்டம். பணம் திரும்பி வராது. கூட வருகிற இரண்டு பேர் காரும் பேசிவிட்டார்கள். நல்ல நாளில் நான் 5 கிலோமீட்டரை 24 நிமிடம் 30 விநாடியில் ஓடியவன். இப்போது ஏழு நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம்.

போகலாமா? போனால் எப்படித் தயாராவது? என் பயம் குதிகாலைப் பற்றி மட்டும் அல்ல. ஹாரன் அடித்த பிறகு எனக்குப் புத்தி வேலை செய்யாது. மஞ்சுவிரட்டில் வாடி திறந்த மாடு மாதிரி ஆகிவிடுவேன். அதற்கும் ஏதாவது வைத்தியம் இருந்தால் சொல்லுங்கள்.

செக்காலை ரோடு (காரைக்குடி), டிசம்பர் 20

போகாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் இப்படித்தான். பாதத்து எலும்பில் விரிசல், ஆறு வாரம் ஓய்வு. ஏழாவது வாரமே ‘ஏற்கெனவே பணம் கட்டியாச்சு’ என்று 10 கிலோமீட்டர் ஓடினேன். பதக்கம் கிடைத்தது. கூடவே இன்னொரு விரிசலும் கிடைத்தது. அந்த வருடம் முழுவதும் ஓடவில்லை. கட்டிய பணம் போனது போனதுதான், அதற்காகக் காலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்களுக்கு வந்திருப்பது ஓட ஓடக் குறைகிற வலி. அதுதான் அதில் உள்ள ஏமாற்று வேலை. சூடு ஏறியதும் ஒன்றும் இல்லாதது போல இருக்கும், மறுநாள் காலையில்தான் பில் வரும். எலும்பு வலி அப்படி இல்லை, ஓட ஓட ஏறும். குதிகாலை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அதில் சுள்ளென்று வலித்தால் முதலில் டாக்டரிடம் போங்கள், எலும்பாக இருக்கலாம்.

ரிலே பிரிவு இருந்தால் சைக்கிளை நீங்கள் எடுத்துக்கொண்டு ஓட்டத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பி.டி. டீச்சர் (தேவகோட்டை), டிசம்பர் 21

தம்பி, நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தவள். எனக்கே 50 வயதில் இதே குதிகால் வலி வந்து ஒன்பது மாதம் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடும், பதற வேண்டாம்.

போகலாம். ஆனால் போட்டி போடப் போகாதீர்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போங்கள், புரியவில்லை என்றால் முன்னவர் சொன்னது போல வீட்டில் இருங்கள்.

உங்களுக்கு மூச்சு தயார், கால் தயார் இல்லை. நாலு மாதம் சைக்கிள் மிதித்ததில் இதயமும் நுரையீரலும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஓட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு தரையிலிருந்து திரும்பி வரும். சைக்கிளில் அந்த அடி கிடையாது. நாரும் எலும்பும் அடி வாங்கி வாங்கித்தான் பழகும், அதுவும் மாதக் கணக்கில் மெதுவாக. அதனால் உங்கள் மூச்சு ‘போ, போ’ என்று சொல்லும்போது நம்பாதீர்கள். அதற்கு உங்கள் குதிகாலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இந்த வாரம் 2-1 அப்படியே இருக்கட்டும், ஒன்பது சுற்று. அடுத்த வாரம் 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, ஏழு சுற்று. மூன்றாவது வாரம் 4-1, ஆறு சுற்று. நாலாவது வாரம் 4-1, ஏழு சுற்று. அது 35 நிமிடம், கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் வந்துவிடும். கடைசி வாரம் இரண்டே நாள், சும்மா பதினைந்து நிமிடம். எந்த வாரமும் மூன்று நாளுக்கு மேல் ஓட்டம் கிடையாது, அடுத்தடுத்த நாளும் கிடையாது. மூன்று நாளில் ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடுங்கள், பத்து நிமிடம் போதும். தொடை மரக்கட்டை மாதிரி இருக்கும். அந்தக் கட்டையோடு ஓடிப் பழகாமல் போனால் போட்டியில் நடையே மாறிப்போய்க் குதிகாலில் விழும்.

கணக்கு இதுதான்: ஓடும்போது வலி பத்துக்கு மூன்று வரை பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி வழக்கத்தைவிட மோசமாக இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். 4-1 செய்தவர் 3-1க்குப் போக வேண்டும். வாதம் பண்ணக் கூடாது.

வலு ஏற்றுகிற பயிற்சி யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? திண்ணைப் படியில் நில்லுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, விரல் மேல்நோக்கி மடங்கியபடி இருக்க வேண்டும், குதிகால் படிக்கு வெளியே. மூன்று எண்ணும் வரை எழும்பி, இரண்டு எண்ணும் வரை நின்று, மூன்று எண்ணும் வரை இறங்குங்கள். ஒற்றைக் காலில் பன்னிரண்டு தடவை, மூன்று முறை. முடியாவிட்டால் இரண்டு காலில் ஆரம்பியுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே காலை மடியில் போட்டு விரல்களைப் பின்னால் இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள், பத்துத் தடவை.

கடைசியாக, வெறுங்காலில் நிற்பதை விடுங்கள். உங்கள் ஊர்த் தரை கண்ணுக்கு அழகு, குதிகாலுக்கு எமன். பட்டறையிலும் வீட்டிலும் மெத்தென்ற செருப்பு.

குன்றக்குடி நடையன், டிசம்பர் 21

எனக்கு டூயத்லான் எல்லாம் தெரியாது. பதினாலு வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். அண்ணன் கடைசியில் கேட்டாரே, ஹாரன் அடித்ததும் புத்தி போய்விடும் என்று, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் நாள் குன்றக்குடியில் கிளம்பும்போது எல்லோருக்கும் சிறகு முளைத்திருக்கும். இளவட்டங்கள் பிள்ளையார்பட்டி தாண்டுவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடுவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிங்கம்புணரிக்கு அந்தப் பக்கம் அதே ஆட்களை மரத்தடியில் பார்ப்பேன், கொப்புளத்தை ஊசியால் குத்திக்கொண்டு. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கு இரண்டு அடி பின்னாலேதான் நடப்பேன், ஒருநாளும் முந்த மாட்டேன். நத்தம் வரை அந்தக் கட்டுப்பாடு இருந்தால் அதற்குப் பிறகு கால் தானாகப் போகும்.

அண்ணனும் அப்படி ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன்னைவிட மெதுவாக ஓடுகிற ஒரு ஆள், முதுகைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

பட்டறைக்காரன், டிசம்பர் 22

எல்லோருக்கும் நன்றி. குதிகாலை அழுத்திப் பார்த்தேன், பக்கவாட்டில் வலி இல்லை. அடியில் உள்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்தினால் தெரிகிறது. பிசியோவும் அதையேதான் சொன்னார். ரிலே பிரிவு இல்லை, கேட்டுவிட்டேன்.

டீச்சர், படிப் பயிற்சி இன்று ஆரம்பித்துவிட்டேன். ஒற்றைக் காலில் ஏழுக்கு மேல் போக முடியவில்லை. செருப்பு விஷயம்தான் சிக்கல். பட்டறையில் போட்டுக்கொள்ளலாம், கலவை பட்டால் கழுவிவிடலாம். வீட்டில்? அம்மா வளவுக்குள் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து வருவார். “தாத்தா காலத்திலிருந்து இந்த வாசப்படியைச் செருப்போடு தாண்டினவன் இல்லை” என்று நேற்று ஒரு கச்சேரி நடந்தது. வீட்டுக்கென்றே புதுசு, தெருவில் கால் வைக்காதது என்று விளக்கினேன். “செருப்பு செருப்புதான்” என்று முடித்துவிட்டார். இப்போதைக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. சைக்கிளில் கிளீட் ஷூ, அடியில் பெடலோடு மாட்டிக்கொள்கிற கட்டை உள்ளது, போடுகிறேன். டிரான்சிஷனில், அதாவது ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறுகிற இடத்தில், அதோடு ஓடினால் குதிகால் என்ன ஆகும்?

ஒத்தப்பெடல் (புதுக்கோட்டை), டிசம்பர் 22

ஓடாதீர்கள், நடங்கள். கிளீட் முன்பாதத்தில் இருக்கிறது, குதிகால் கீழே தொங்கும், ஷூவின் அடிப்பாகம் பலகை மாதிரி, வளையவே வளையாது. புண்ணான நாரை இழுத்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. சைக்கிளை மாட்டி வைக்கிற ரேக்கிலிருந்து சைக்கிளில் ஏறும் கோடு வரை நடந்து போனால் அரை நிமிடம் போகும், அவ்வளவுதான்.

முதல் டூயத்லான் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஓட்டத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் இங்கே தண்டனையாகக் கட்டிவிடாதீர்கள். சைக்கிளை ரேக்கிலிருந்து எடுப்பதற்கு முன்பே ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும், பட்டியும் பூட்டியிருக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளை ரேக்கில் மாட்டிய பிறகுதான் பட்டியைக் கழற்றலாம். கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏறலாம், திரும்பும்போது கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். உங்கள் வயதுப் பிரிவில் பெரும்பாலும் டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிற சைக்கிளை ஒட்டிக் காற்றுக்கு மறைந்து மிதிப்பது, கூடாது. உலக டிரையத்லான் அமைப்பின் விதியில் இந்தத் தூரத்துக்கு இடைவெளி 10 மீட்டர், முந்த நினைத்து உள்ளே நுழைந்தால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். உங்கள் போட்டியின் விதித்தாளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஷூவுக்கு எலாஸ்டிக் கயிறு போட்டுவிடுங்கள். குனிந்து முடிச்சுப் போடுகிற நேரத்தில் தலை சுற்றும்.

பட்டறைக்காரன், ஜனவரி 9

பாவமன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன்.

மூன்று வாரம் டீச்சர் சொன்னது சொன்னபடி நடந்தேன். மார்கழிப் பனி, கோயில் மைக்கில் திருப்பாவை, கண்மாய்க்கரையில் செம்மண், குதிகாலுக்கு மெத்தை மாதிரி. 4-1 ஆறு சுற்று வரை வந்துவிட்டேன், வலி ஒன்றுக்கு மேல் இல்லை.

முந்தாநாள் கல் இறக்கக் காரைக்குடி போனவன், அப்படியே ஒரு கல்லூரி மைதானத்தில் ஓடிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு பையன், கல்லூரிப் பையன்தான், என் தோளை உரசியபடி முந்திப் போனான். என் நடை நிமிடம் வந்தது. வாட்ச் பீப் அடித்தது. நான் நடக்கவில்லை. இரண்டு சுற்று அவன் பின்னாலேயே ஓடி, கடைசியில் முந்தினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஷூ கயிறு கட்டக் குனிந்துவிட்டான்.

நேற்றுக் காலை முதல் அடி பத்துக்கு ஐந்து. இன்று நாலு.

பி.டி. டீச்சர், ஜனவரி 9

பையன் பெயராவது கேட்டீர்களா, பரிசு கொடுக்கலாம்.

நாலு நாள் ஓட்டமே கிடையாது. சைக்கிள் மெதுவாக, உட்கார்ந்தபடியே மிதியுங்கள், மேட்டில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். படிப் பயிற்சியை இரண்டு காலில் செய்யுங்கள். அப்புறம் 3-1ல் ஆரம்பித்து, போட்டிக்கு முந்தின வாரம் 4-1. முதல் அடி இரண்டுக்குக் கீழே வந்தால்தான் போட்டி. வராவிட்டால் காரில் போய்க் கைதட்டிவிட்டு வாருங்கள்.

செக்காலை ரோடு, ஜனவரி 10

நான் முதலிலேயே சொன்னேன். அவ்வளவுதான், மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைக்காரன், பந்தயம் முடிந்த மறுநாள்

போனேன். முடித்தேன். மொத்தம் 1 மணி 34 நிமிடம் 45 விநாடி. எழுத உட்கார்ந்தால் கை நிற்காது போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை முதல் அடி ஒன்று. அதனால் மனசாட்சியோடுதான் காரில் ஏறினேன். ஞாயிறு விடியற்காலை, கடல்காற்று, வரிசையாக ரேக்குகள். எல்லோர் காலிலும் தடித்த அட்டைபோட்ட புது ஷூ. என் சைக்கிளுக்குப் பக்கத்து எண்காரர் சூடேற்றுகிறேன் என்று எங்கள் ஊர் பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் இங்கும் அங்கும் ஓடினார். நான் நடந்தேன். கட்டைச்சுவரில் கையை வைத்துக் கெண்டைக்காலை இழுத்தேன். அவர் என்னைப் பார்த்து, “முதல் தடவையா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வகையில் உண்மைதானே.

ஹாரன் அடித்தது. நடையன் தம்பி சொன்னபடி ஆள் தேடினேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், நிதானமாகக் கடைசி வரிசையில் கிளம்பினார். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நாலாவது நிமிடம் பீப். நடக்க வேண்டும்.

அந்த முதல் நடை இருக்கிறதே, அதைப் போல ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை. பந்தயம் ஆரம்பித்து நாலே நிமிடம்தான் ஆகியிருக்கிறது, ஒரு ஆள் நடக்கிறான். ரோட்டோரத்தில் நின்ற தன்னார்வலர் பெண், “சார், முடியலையா? ஆம்புலன்ஸ் வேணுமா?” என்றாள். பின்னால் வந்த ஒருவர், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனோடு ஓடியவர், “கமான் அங்கிள்” என்றார். அங்கிள்! அவருக்கு என் வயதுதான். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளைத் தொப்பி அம்மா நூறு அடி முன்னால் போய்விட்டார். பீப் அடித்ததும் ஓடி, அடுத்த நாலு நிமிடத்தில் அவரைப் பிடித்தேன். மறுபடி பீப், மறுபடி அவர் முன்னால். ஐந்து கிலோமீட்டரும் இப்படியே நானும் அவரும் ரப்பர் கயிறு கட்டியது போல. மூன்றாவது தடவை பிடித்தபோது அவரே திரும்பி, “நீங்க நல்ல பிள்ளை, நட, ஓடு, நட, ஓடு, என் பேரனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க” என்றார். அதற்கப்புறம் நடப்பதில் எனக்கு வெட்கம் போய்விட்டது.

34 நிமிடம் 50 விநாடி. குதிகால் வலி இரண்டு.

டிரான்சிஷனில் ஹெல்மெட், பட்டி, பிறகு கை சைக்கிளில். ஒத்தப்பெடல் சொன்னதை மந்திரம் மாதிரி முணுமுணுத்தேன். கிளீட்டோடு கோடு வரை நடந்தேன். 2 நிமிடம் 10 விநாடி. என் பக்கத்து எண்காரரின் இடம் காலி, எப்போதோ போயிருந்தார்.

அப்புறம் சைக்கிள். நாலு மாதம் திருமயம் ரோட்டில் தனியாக மிதித்ததற்கெல்லாம் கூலி அங்கேதான். தெற்கே போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இடப்பக்கம் ஒதுங்கி, இடைவெளி விட்டு, வலப்பக்கம் ஏறி, ஒவ்வொருவராக முந்தினேன். முப்பது வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ‘கமான் அங்கிள்’காரரையும் முந்தினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணியை மட்டும் ஒருமுறை அடித்தேன். (ஆமாம், என் சைக்கிளில் மணி இருக்கிறது. கானாடுகாத்தான் ரோட்டில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.)

திரும்பும் இடம் தாண்டியதும் எதிர்காற்று. இங்கேதான் ஒரு முட்டாள்தனம். அம்மா எனக்கு ஒரு டப்பாவில் மாவுருண்டை கட்டிக் கொடுத்திருந்தார், இரண்டை முதுகுப் பையில் போட்டிருந்தேன். போட்டி அன்று புதுசாக எதுவும் சாப்பிடாதே என்பார்கள். மாவுருண்டை எனக்கு என்ன புதுசா, நாற்பது வருடமாகச் சாப்பிடுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் இதுவரை எதிர்காற்றில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு சாப்பிட்டதில்லை. கடித்ததும் பாதி உருண்டை பொடியாகிப் போய்விட்டது. பாசிப்பருப்பு மாவு மூக்கில், தொண்டையில், கண்ணாடியில். இருமல் என்றால் அப்படி ஒரு இருமல். ஹேண்டில் ஆடி ரோட்டோரத்து மணலைத் தொட்டுத் திரும்பியது. அதற்குள் நான் முந்தின நாலு பேர் என்னை முந்தினார்கள். ஒருவர் மட்டும் வேகத்தைக் குறைத்து, என் முகத்து மாவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். ஒன்றரை மணி நேரப் பந்தயத்தில் நடுவில் சாப்பிடவே வேண்டியதில்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

20 கிலோமீட்டர், 38 நிமிடம் 40 விநாடி. இறங்கும்போது கால் என் கால் மாதிரியே இல்லை. டீச்சர் சொன்ன மரக்கட்டை. ஆனால் பழகின மரக்கட்டை. ரேக், பட்டி, ஷூ, எலாஸ்டிக் கயிறு, 1 நிமிடம் 25 விநாடி.

கடைசி 2.5. இங்கே மூச்சு பேச ஆரம்பித்தது. “இன்னும் எவ்வளவு, இரண்டு கிலோமீட்டர், நடை எதற்கு” என்று. பக்கத்து எண்காரர் ஐம்பது அடி முன்னால் தெரிந்தார். அவ்வளவு சூடேற்றியவர் இப்போது இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார். பீப் அடித்தது. அவரைப் பிடிக்க இருபது விநாடி போதும். சத்தியமாகச் சொல்கிறேன், மைதானத்துப் பையனின் முதுகு கண்ணுக்கு வந்தது. நடந்தேன். நடக்கும்போதே அவரைப் பிடித்துவிட்டேன், ஏனென்றால் அவர் என்னைவிட மெதுவாக நடந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தோம். அவருக்குத் தொடையில் பிடிப்பு. அடுத்த பீப்புக்கு, “வர்றீங்களா?” என்றேன். “நீங்க போங்க சார்” என்றார். 17 நிமிடம் 40 விநாடி.

இந்தத் தூரத்துக்கு நல்ல உடம்போடு போயிருந்தால் பதினைந்து நிமிடம் முன்னாலேயே முடித்திருப்பேன். அது வழி முழுக்கக் காரில் என்னை அரித்தது, மறைக்கவில்லை.

இன்று காலை. ஊர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, அப்படியே படுத்துவிட்டேன். எழுந்து காலை மடியில் போட்டு விரலை இழுத்துப் பத்து எண்ணிவிட்டு, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் துழாவினேன். இல்லை. பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில், கால் வைக்கிற இடத்தில், ஜோடியாக இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து, “போட்டுக்கிட்டு நடந்து தொலை, வாசப்படியோட விட்டுடு” என்றார்.

முதல் அடி மூன்று.

பி.டி. டீச்சர், அதே நாள்

மூன்று என்றால் வியாழன் வரை ஓட்டம் கிடையாது. நாளைக்கு சைக்கிள் அரை மணி நேரம், லேசான கியரில். படிப் பயிற்சி புதன். வெள்ளிக்கிழமை 3-1, ஐந்து சுற்று, செம்மண்ணில் மட்டும். மைதானம் பக்கமே போகாதீர்கள்.

செக்காலை ரோடு, அதே நாள்

நான் சொன்னது தப்பாகிவிட்டது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், மூன்று மூன்றுதான். ஆனால் அந்த மாவுருண்டை இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், ஆபீசில் எல்லோரும் பார்த்தார்கள்.

குன்றக்குடி நடையன், அதே நாள்

அண்ணே, மிச்சம் மாவுருண்டை இருந்தால் எடுத்து வையுங்கள். இந்த வாரம் பழனிக்குக் கிளம்புகிறோம். நடக்கும்போது சாப்பிட்டால் பொடியாகாது.

பட்டறைக்காரன், அதே நாள்

டப்பாவில் பதினொன்று இருக்கிறது தம்பி. குன்றக்குடிக்குக் கொண்டு வந்து தருகிறேன். சைக்கிளில்தான் வருவேன், டீச்சர் பார்த்துக்கொள்ளுங்கள், லேசான கியரில்.